1988 தயாரிப்பு 16 எம்.வி.ஏ., 110/11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர்: ரிப்போர்ட்டுகள் கையில் இருக்கின்றன, எதில் முதலில் கை வைப்பது?

மில்_எலெக்ட்ரிக்கல் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஆலையில் 110/11 கே.வி., 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே ஒன்றுதான், ஸ்டாண்ட்பை கிடையாது. 1988-ல் செய்தது. இரு பக்கமும் ஸ்டார். எச்.வி. (உயர் வோல்டேஜ்) பக்கம் இன்-டேங்க் ஓ.எல்.டி.சி. (லோடு ஓடும்போதே டேப் மாற்றி வோல்டேஜைச் சரிசெய்யும் கருவி), 17 டேப், 9-இல் சேஞ்ச்-ஓவர் (டேப் வைண்டிங்கின் இணைப்பு மாறும் இடம்). எண்ணெய் ஏறக்குறைய 12,000 லிட்டர். சராசரி லோடு 10 எம்.வி.ஏ. டேப் பல வருஷமாக 5-க்கும் 8-க்கும் நடுவிலேயே ஏறி இறங்குகிறது. 2021-ல் ஃபுல்லர்ஸ் எர்த் (அழுக்கை உறிஞ்சும் களிமண்) வைத்து எண்ணெயைச் சுத்தம் செய்தார்கள்.

டி.ஜி.ஏ. (எண்ணெயில் கரைந்த வாயுக்களின் சோதனை) முடிவு, பி.பி.எம். கணக்கில் (2023 மார்ச் / 2024 மார்ச் / 2025 மார்ச்):
ஹைட்ரஜன் 38 / 45 / 72
மீத்தேன் 52 / 78 / 148
ஈத்தேன் 41 / 52 / 70
எத்திலீன் 88 / 165 / 342
அசிட்டிலீன் 1 / 2 / 4
கார்பன் மோனாக்சைடு 610 / 640 / 660
கார்பன் டை ஆக்சைடு 6900 / 7300 / 7600

எண்ணெய்: பி.டி.வி. (எண்ணெய் தாங்கும் வோல்டேஜ்) 52 கே.வி., ஈரம் 27 பி.பி.எம். (சாம்பிள் எடுத்தபோது எண்ணெய் 48 டிகிரி), அமிலத்தன்மை 0.17, ஐ.எஃப்.டி. (எண்ணெய்-நீர் இடைமுக இழுவிசை, எண்ணெய் கெடக் கெடக் குறையும்) 21.
2-ஃபர்ஃபுரால் (இன்சுலேஷன் காகிதம் சிதையும்போது எண்ணெயில் சேரும் பொருள்): இப்போது 1.6 பி.பி.எம். 2021-ல் சுத்தம் செய்வதற்கு முன் 1.9.
வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், டேப் 6-இல் மட்டும் எடுத்தது (ஆர், ஒய், பி மூன்று ஃபேஸ்கள்): ஆர் 1.892, ஒய் 1.897, பி 1.958 ஓம்.
110 கே.வி. புஷிங் (லைனை டேங்குக்குள் கொண்டுசெல்லும் இன்சுலேட்டர்) டேன் டெல்டா (இன்சுலேஷனில் வீணாகும் மின்சக்தியின் அளவு): ஆர் 0.96%, ஒய் 0.45%, பி 0.42%. கபாசிட்டன்ஸ் ஆர் ஃபேஸில் 301 பைகோஃபாரட், அதன் நேம்பிளேட்டில் 284 என்றும் 0.36% என்றும் இருக்கிறது. மற்ற இரண்டும் நேம்பிளேட்டுக்கு 1%-க்குள்.
பி.ஐ. (10 நிமிட, 1 நிமிட இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸின் விகிதம்) 1.4.

சோதனை செய்த கம்பெனி எல்லாவற்றையும் சேர்த்து ‘ஹெல்த் இண்டெக்ஸ் 58, சுமார்’ என்று போட்டு, எண்ணெயை மறுபடி ஃபில்டர் செய்து ஓட்டலாம் என்கிறது. மேனேஜ்மென்ட் கேட்பது ஒன்றுதான்: இன்னும் எத்தனை வருஷம் ஓடும், புதிதாக வாங்க வேண்டுமா? உங்கள் கருத்து தேவை.

கேஸ்_ஆய்வு (பதில்)

முதலில் ஒரு வேண்டுகோள்: ஃபில்டர் வண்டியை இப்போது கூப்பிடாதீர்கள். வேக்குவத்தில் எண்ணெய் போனால் கரைந்திருக்கும் வாயு அத்தனையும் போய்விடும். உள்ளே சூடாகும் இடம் அப்படியே இருக்கும், அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம் மட்டும் அழியும். அடுத்த ஆறு மாதத்துக்கு ரிப்போர்ட் அழகாக வரும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்து, மொத்த எண்ணிக்கையை வைத்து விகிதம் போடாதீர்கள். அதில் பழைய வாயுவும், 2021-க்குப் பின் காகிதத்திலிருந்து திரும்பக் கசிந்து வந்ததும் கலந்திருக்கிறது. கடந்த ஒரு வருஷத்தில் கூடியதை மட்டும் எடுங்கள்: மீத்தேன் 70, எத்திலீன் 177, ஈத்தேன் 18, அசிட்டிலீன் 2, ஹைட்ரஜன் 27, மோனாக்சைடு 20. டுவால் முக்கோணத்துக்கு (மூன்று வாயுக்களின் பங்கை வைத்துக் கோளாறு வகையைக் காட்டும் படம்) மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றையும் கூட்டினால் 249. அதில் எத்திலீன் 71%, மீத்தேன் 28%, அசிட்டிலீன் 1%-க்கும் கீழே. எத்திலீன் 50%-ஐத் தாண்டி, அசிட்டிலீன் 15%-க்குள் இருந்தால் டி-3 மண்டலம், அதாவது 700 டிகிரிக்கு மேல் சூடாகும் ஓர் இடம். ஐ.இ.சி. 60599 என்ற சர்வதேசத் தரநிலையின் விகிதமும் இதையே சொல்கிறது: எத்திலீன்–ஈத்தேன் விகிதம் 4-க்கு மேல் போனால் டி-3, உங்களுக்கு அந்த ஒரு வருஷக் கணக்கில் 9.8. மொத்த அளவில் பார்த்தாலும் அதே தரநிலை தரும் வழக்கமான உச்ச வரம்பு எத்திலீனுக்கு 60 முதல் 280, மீத்தேனுக்கு 30 முதல் 130. இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். அதைவிட முக்கியம், எத்திலீன் வருஷத்துக்கு வருஷம் இரட்டிப்பாவது.

மோனாக்சைடு 20 மட்டும் கூடியிருக்கிறது. ஆய்வகத்தின் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அது அடங்கிவிடும். காகிதம் சுற்றிய லீடு கருகினால் எத்திலீனோடு அதுவும் ஏறும். ஆகவே எண்ணெயில் நேரடியாக நனையும் வெற்று உலோகம்தான் சூடாகிறது என்பது என் முடிவு. ஓ.எல்.டி.சி. டைவர்ட்டர் (டேப் மாறும்போது பொறியோடு கரண்டை மாற்றும் ஸ்விட்ச்) எண்ணெய் மெயின் டேங்குக்குள் கசிகிறதோ என்ற சந்தேகமும் வேண்டாம். அப்படியானால் அசிட்டிலீன் ஹைட்ரஜனைப் போல் 2, 3 மடங்கு இருக்கும். உங்களுக்கு 72-க்கு 4.

இனி இரண்டே வழி. ஒன்று கரண்ட் போகும் பாதையில் கெட்ட கான்டாக்ட், மற்றொன்று கோரில் இரண்டு இடத்தில் எர்த் ஆகிச் சுழலும் கரண்ட். முதலாவது லோடுக்கு ஏற்ப ஏறி இறங்கும். இரண்டாவது வோல்டேஜ் இருந்தாலே போதும், லோடு இல்லாவிட்டாலும் வாயு வரும். ஆலை குறைந்த லோடில் ஓடும் வாரங்கள் இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் சாம்பிள் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் ரிப்போர்ட்டே விடையைச் சொல்கிறது. பி ஃபேஸ் ரெசிஸ்டன்ஸ் மற்ற இரண்டின் சராசரியைவிட 0.063 ஓம், அதாவது 3.3% அதிகம். ஃபேஸ்களுக்குள் 2%-க்கு மேல் போனாலே தேட வேண்டும். 10 எம்.வி.ஏ. லோடில் எச்.வி. கரண்ட் 52.5 ஆம்பியர். 52.5-இன் வர்க்கத்தை 0.063-ஆல் பெருக்கினால் 174 வாட். இவ்வளவும் ஒரு கான்டாக்ட்டின் நகத்தளவு பரப்பில் எரிகிறது. முழு லோடு 84 ஆம்பியர் போனால் 444 வாட்.

டேப் 5–8-ஐத் தாண்டுவதே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் சேஞ்ச்-ஓவர் செலக்டர் பல வருஷமாக நகரவே இல்லை. இன்-டேங்க் வகையில் டைவர்ட்டருக்குத்தான் தனி அறை, செலக்டர் மெயின் டேங்க் எண்ணெயில்தான் தொங்குகிறது. அசையாத கான்டாக்ட் சூடான எண்ணெயில் கிடந்தால் மேலே ஒரு படலம் படியும். படலத்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதனால் சூடு கூடும், சூட்டில் எண்ணெய் கருகி கோக் கட்டும், மறுபடி ரெசிஸ்டன்ஸ் கூடும். வருஷத்துக்கு ஒரு மடங்கு ஏறும் உங்கள் எத்திலீன் இந்தச் சுழற்சியோடு அப்படியே பொருந்துகிறது.

இதை உறுதி செய்ய ஷட்டவுனில் 17 டேப்பிலும் மூன்று ஃபேஸுக்கும் ரெசிஸ்டன்ஸ் எடுங்கள். டேப் 1–8-இல் மட்டும் பி ஃபேஸ் அதிகமாகவும், 10–17-இல் சரியாகவும் வந்தால் சேஞ்ச்-ஓவரின் ஒரு பக்கக் கான்டாக்ட்தான். எல்லா டேப்பிலும் ஒரே அளவு அதிகமாக வந்தால் லீடு ஜாயின்ட்டையோ புஷிங் அடிப்பகுதி இணைப்பையோ பாருங்கள். பிறகு சப்ளை இல்லாமல் 1-இலிருந்து 17 வரை குறைந்தது 20 தடவை ஓட்டி மறுபடி எடுங்கள். சப்ளையோடு முதல் தடவையாக 9-ஐத் தாண்ட வேண்டாம். கோக் பிடித்து இறுகிய கான்டாக்ட் பாதியில் நின்றால் விளைவு விபரீதம்.

ஒரு சிறு குறிப்பு: எஸ்.எஃப்.ஆர்.ஏ. (வைண்டிங் நகர்ந்திருக்கிறதா என்று பல அதிர்வெண்களில் பார்க்கும் சோதனை) எடுப்பதாக இருந்தால் டி.சி. ரெசிஸ்டன்ஸுக்கு முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையேல் இடையில் டீமேக்னடைஸ் செய்யுங்கள். கோரில் மிச்சம் நிற்கும் காந்தம் குறைந்த அதிர்வெண் பகுதியில் வளைவை மாற்றிக் காட்டும்.

110யார்டு (பதில்)

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வரிசையில் அது இரண்டாவது. உங்கள் யார்டில் இன்றைக்கு ஆபத்து ஆர் ஃபேஸ் புஷிங்.

58 மதிப்பெண் என்று போட்டவர்கள் இதை எப்படித் தாண்டிப் போனார்கள் என்பது புரிகிறது. நல்ல பி.டி.வி., நல்ல இரண்டு புஷிங், சுமாரான எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் ஒரு மோசமான புஷிங் அதில் கரைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் சராசரியால் சாவதில்லை, இருப்பதிலேயே பலவீனமான உறுப்பால் சாகிறது. சிக்ரே என்ற சர்வதேச மின்துறை அமைப்பு 2019-ல் வெளியிட்ட 761-ஆம் அறிக்கையும் இதனால்தான், மோசமான ஒரு கூறு மொத்த மதிப்பெண்ணுக்குள் மறைந்துபோகாதபடி மதிப்பிடச் சொல்கிறது.

புஷிங்குக்குள் காகிதமும் ஃபாயிலும் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கபாசிட்டர், எல்லாம் சீரீஸில். ஓர் அடுக்கு ஷார்ட் ஆனால் மீதியின் மொத்த கபாசிட்டன்ஸ் கூடும். 35 அடுக்கு என்று வைத்தால் ஒன்று போனால் 2.9%, இரண்டு போனால் 6.1%. உங்களுக்கு 284-இலிருந்து 301, அதாவது 6%. டேன் டெல்டாவும் நேம்பிளேட்டைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். புதிய எண்ணெய்-காகிதப் புஷிங்குக்கே ஐ.இ.சி. 60137 தரும் உச்ச வரம்பு 0.7%.

டேன் டெல்டா மட்டும் ஏறியிருந்தால் சோதனைப் பிழையாக இருக்கலாம். போர்சிலின் மேல் ஈரம், அழுக்கு, மழைக்கால ஹியூமிடிட்டி எதுவும் 0.3-ஐ 0.8 ஆக்கும். கபாசிட்டன்ஸை அது அவ்வளவாக அசைக்காது. இரண்டும் சேர்ந்து ஏறியிருப்பதுதான் கவலை. இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்:

போர்சிலினை உலர்ந்த துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்து, வெயில் ஏறிய பிறகு எடுங்கள். எச்.வி. முனைகள் மூன்றையும் நியூட்ரலோடு சேர்த்து ஒன்றாக ஷார்ட் செய்யுங்கள், எல்.வி.-யை ஷார்ட் செய்து எர்த் பண்ணுங்கள். இதைச் செய்யாவிட்டால் வைண்டிங்கின் இண்டக்டன்ஸ் கணக்கில் புகுந்து குழப்பும். டெஸ்ட் டேப்பின் (புஷிங்கிலேயே உள்ள சோதனை முனை) உள்ளே ஈரமோ பச்சைக் களிம்போ இருக்கிறதா பாருங்கள். 2, 5, 10 கே.வி. மூன்றிலும் எடுங்கள். வோல்டேஜ் ஏற ஏற டேன் டெல்டா ஏறினால் உள்ளே டிஸ்சார்ஜ் இருக்கிறது. பார்வைக் கண்ணாடியில் எண்ணெய் மட்டத்தையும் மற்ற இரண்டோடு ஒப்பிடுங்கள்.

சோதனை முடிந்ததும் டெஸ்ட் டேப் மூடியைத் திருகி, அது எர்த்தோடு சேர்ந்ததா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் அந்த டேப் மிதக்கும், சில கிலோவோல்ட் ஏறும், உள்ளேயே பொறி அடித்துக்கொண்டிருக்கும். நல்ல புஷிங்கை இப்படிக் கெடுத்து வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

மறுசோதனையிலும் அதே அளவு வந்தால் அந்தப் புஷிங்கோடு சப்ளை கொடுக்காதீர்கள். 110 கே.வி.-யில் ஓ.ஐ.பி. (எண்ணெயில் ஊறிய காகித) புஷிங் வெடித்தால் போர்சிலின் துண்டு யார்டு முழுக்கப் பறக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் உங்கள் ஆலையின் ஒரே டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் புஷிங் விலை ஒன்றுமே இல்லை. ஷட்டவுன் கிடைக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம், பேட்ரோல் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

மில்_எலெக்ட்ரிக்கல் (பதில்)

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள் ஷட்டவுன் எடுத்தோம், எஸ்.எஃப்.ஆர்.ஏ. முதலில் எடுத்துவிட்டோம்.

ஆர் புஷிங்: 2 கே.வி.-யில் 0.71%, 10 கே.வி.-யில் 0.98%, கபாசிட்டன்ஸ் 301.
வைண்டிங்: டேப் 1–8-இல் பி ஃபேஸ் 3.1 முதல் 3.4% அதிகம். 10–17-இல் மூன்று ஃபேஸும் 0.5%-க்குள். 20 சுற்று ஓட்டிய பிறகு டேப் 6-இல் பி 1.915 ஓம், அதாவது 1.1% அதிகம்.
கோர்–கிளாம்ப், எர்த் லிங்கைக் கழற்றி 1 கே.வி. மெக்கரில் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் மீட்டர்): 400 மெகாஓம்.

டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் ஆஃபில்தான் இருக்கிறது. ஆலை ஜெனரேட்டரில் பாதி ஓடுகிறது. வேறு கம்பெனியின் ஆர்.ஐ.பி. (ரெசினில் ஊறிய காகித) வகைப் புஷிங் உடனே கிடைக்கிறது, போடலாமா? செலக்டரை இப்படியே விட்டு அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாமா?

110யார்டு (பதில்)

ஆர்.ஐ.பி. தாராளமாகப் போடலாம். எண்ணெய் இல்லாததால் தீ ஆபத்து குறைவு. ஆனால் 145 கே.வி. என்று போட்டிருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. ஃபிளாஞ்ச் போல்ட் வட்டத்தின் விட்டம், துளை எண்ணிக்கை, ஃபிளாஞ்சுக்குக் கீழே டேங்குக்குள் இறங்கும் நீளம், சி.டி.-க்கு (கரண்ட் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) விட்டிருக்கும் இடம், கீழ்முனையிலுள்ள ஷீல்டின் விட்டம், நடுக்குழாய் உள்விட்டம் இவ்வளவையும் பழைய டிராயிங்கோடு ஒப்பிடுங்கள். 1988 யூனிட் என்றால் பெரும்பாலும் டிரா-லீடு வகை, கேபிளைக் குழாய் வழியாக மேலே இழுத்து முனையில் பின் போட்டிருப்பார்கள். குழாய் சிறிதாக இருந்தால் லீடு ஏறாது. கீழ்முனை நீளம் குறைந்தால் லீடுக்கும் டேங்க் சுவருக்கும் உள்ள இடைவெளியும் மாறும், அதை டிசைன் தெரிந்தவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஆர்.ஐ.பி.-யின் எண்ணெய்ப்பக்க முனையில் மூடியிருக்கும் பாதுகாப்புப் பையை மாட்டும் நிமிஷம்வரை கழற்ற வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும். மாட்டுவதற்கு முன் தரையிலேயே டேன் டெல்டா எடுத்துக் கம்பெனி ரிப்போர்ட்டோடு ஒத்துப்பாருங்கள். மாட்டிய பிறகு எடுக்கும் அளவுதான் இனி உங்கள் அடிப்படை.

செலக்டரை விடாதீர்கள். 3.3% ஓட்டிய பின் 1.1% ஆனது என்பது மேல்படலம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. கோக் அடியில் இருக்கும், ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும், சில மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பும். புஷிங்குக்காக எப்படியும் எண்ணெயை இறக்கத்தான் போகிறீர்கள், அதே இறக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறக்கி மேன்ஹோல் வழியாகச் செலக்டரைப் பாருங்கள். இறக்கிய எண்ணெய்க்குச் சுத்தமான, உலர்ந்த டேங்க் தேவை. டீசல் ஏற்றிய டேங்கர் வேண்டாம். திறந்திருக்கும் நேரமெல்லாம் மைனஸ் 40 டிகிரி பனிநிலைக்குக் கீழான உலர் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். உள்ளே போகிறவர் பையில் ஒன்றும் இருக்கக் கூடாது, கருவிகளை எண்ணி, நூல் கட்டி அனுப்புங்கள். உள்ளே இருந்தது நைட்ரஜனானால் ஆக்சிஜன் அளவு பார்க்காமல் ஆள் இறங்கவே கூடாது.

மூன்று ஃபேஸின் சேஞ்ச்-ஓவர் கான்டாக்ட்டுகளையும், ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றுங்கள். பி-யை மட்டும் மாற்றினால் ஆர், ஒய் அதே பாதையில் வரும். உதிரிபாகத்துக்கு ஓ.எல்.டி.சி.-யின் தனி நேம்பிளேட்டில் உள்ள வகையும் சீரியல் நம்பரும் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட் போதாது. வேலை முடிந்தபின் வருஷத்துக்கு இரு முறையாவது 9-ஐத் தாண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டுவதை அட்டவணையில் எழுதுங்கள். இவ்வளவு சிறிய ஒரு பழக்கம் இந்தச் செலவு முழுவதையும் தவிர்த்திருக்கும்.

பேப்பர்_இன்சுலேஷன் (பதில்)

மேனேஜ்மென்ட் கேட்ட ‘எத்தனை வருஷம்’ கேள்விக்கு வருகிறேன். புஷிங்கையும் கான்டாக்ட்டையும் மாற்றலாம். மாற்ற முடியாதது வைண்டிங் மேல் சுற்றிய காகிதம் ஒன்றுதான். வயதை அங்கேதான் அளக்க வேண்டும்.

புதிய காகிதத்தின் பாலிமரைசேஷன் எண், நாம் டி.பி. என்பது, 1000-ஐ ஒட்டி இருக்கும். 200-க்கு வந்தால் காகிதம் மின்சாரத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெளியே ஒரு ஷார்ட் சர்க்யூட் வந்து வைண்டிங் அதிர்ந்தால் நொறுங்கும். திறந்து பார்க்காமல் மதிப்பிட ஃபர்ஃபுரால் உதவுகிறது. செண்டாங் சூத்திரத்தில் 1.51-இலிருந்து ஃபர்ஃபுரால் அளவின் லாக் மதிப்பைக் கழித்து 0.0035-ஆல் வகுத்தால் டி.பி. வரும். 1.6 பி.பி.எம்.-க்கு 373 என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லியிருக்கும்.

அந்த 373-ஐ ஏற்காதீர்கள். 2021-ல் இருந்த 1.9-க்கு அதே சூத்திரம் 352 தருகிறது. காகிதத்தின் டி.பி. ஒருபோதும் ஏறாது. நடந்தது என்னவென்றால், ஃபுல்லர்ஸ் எர்த் எண்ணெயிலிருந்த ஃபர்ஃபுராலையும் உறிஞ்சி எடுத்துவிட்டது. இப்போதுள்ள 1.6, அதன் பிறகு காகிதத்திலிருந்து வெளிவந்ததும் புதிதாக உண்டானதும். எல்லாமே புதிது என்று வைத்து இரண்டையும் கூட்டினால் 3.5, அதற்கு டி.பி. 276. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே, அதாவது 275-க்கும் 350-க்கும் இடையில். சூத்திரமும் துல்லியமானது அல்ல, சராசரியைத்தான் சொல்லும். சூடான மேல்சுற்றுகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். செலக்டருக்காகத் திறக்கும்போது மேல் லீடு ஒன்றின் வெளிச்சுற்றிலிருந்து சிறு துண்டுக் காகிதம் எடுத்து ஆய்வகத்தில் நேரடியாக டி.பி. பாருங்கள், பிறகு அந்த இடத்தைப் புதிய காகிதம் சுற்றி மூடிவிடுங்கள். லீடு காகிதம் வைண்டிங்கைவிடக் குளிர்ச்சியான இடம், ஆகவே வரும் எண்ணை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் 27 பி.பி.எம். என்பதை வெறும் எண்ணாகப் பார்த்தால் சுமார்தான். 48 டிகிரியில் எண்ணெய் ஏறக்குறைய 160 பி.பி.எம். வரை தாங்கும், எனவே 17% நிறைவு. அதன்படி காகிதத்தில் 3%-ஐ ஒட்டிய ஈரம். அதே சாம்பிளை விடிகாலையில் 30 டிகிரியில் எடுத்திருந்தால் பி.பி.எம். குறைவாக வந்து எல்லோரும் நிம்மதியாகப் போயிருப்பார்கள். வெப்பநிலை எழுதாத ஈர ரிப்போர்ட்டால் பயனே இல்லை. சரியான மதிப்பு வேண்டுமானால் இந்த ஷட்டவுனிலேயே எஃப்.டி.எஸ். (பல அதிர்வெண்களில் இன்சுலேஷனைச் சோதிப்பது) எடுத்துவிடுங்கள். 1 மில்லி ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் காகித ஈரத்தையும் எண்ணெயின் கடத்துத்திறனையும் பிரித்துக் காட்டும். பி.ஐ. 1.4-ஐப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அது நம்பத்தக்க அளவுகோல் அல்ல.

ஃபில்டர் செய்தால் இந்த ஈரம் போய்விடாது. 12,000 லிட்டர் எண்ணெய் பத்தரை டன், 27 பி.பி.எம். என்றால் அதில் இருக்கும் தண்ணீர் 300 கிராம்கூட இல்லை. காகிதமும் பிரஸ்போர்டும் ஒன்றரை டன் என்று வைத்தால் 3% என்பது 45 கிலோ. ஃபில்டர் வண்டி அந்த 300 கிராமை எடுத்துக்கொண்டு போகும், சில வாரத்தில் காகிதம் மறுபடி எண்ணெயை நனைக்கும். மாலிக்யூலர் சீவ் பத்தி வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்துவதே இந்த வயதுக்கு ஏற்றது. அவசர அவசரமாக அதிகம் உலர்த்தினால் காகிதம் சுருங்கி வைண்டிங் கிளாம்பிங் தளரும், டி.பி. 300-இல் அது கூடாது.

என் பதில்: புஷிங், செலக்டர் வேலை முடித்து ஓட்டுங்கள், அதோடு புதியதற்கு இப்போதே ஆர்டர் கொடுங்கள். ரீவைண்டிங்கில் பணம் போட வேண்டாம், 1988 கோரின் நோ-லோடு இழப்பு அப்படியேதான் இருக்கும். ஒரே யூனிட் வைத்திருக்கும் ஆலைக்கு டி.பி. 300 என்பது காத்திருக்கும் கட்டம் அல்ல. புதியது வந்தால் இதை ஸ்டாண்ட்பையாகக் குறைந்த லோடில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை ஓவர்லோடு கூடாது: 2% ஈரத்திலேயே ஹாட்-ஸ்பாட் 140 டிகிரியை எட்டினால் காகிதத்திலிருந்து நீராவிக் குமிழி கிளம்பும், ஈரம் கூடினால் அதற்கும் முன்பே. சாதாரண கிராஃப்ட் காகிதத்துக்கு ஹாட்-ஸ்பாட் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் முதுமை வேகம் இரட்டிப்பாகும் என்பதையும் மேனேஜ்மென்ட்டுக்குச் சொல்லுங்கள். கூலிங் ஃபேன்கள் வேலை செய்கின்றனவா, ரேடியேட்டர் வால்வுகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று கை வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே சூடு இல்லாமல் ஒரு ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால் வால்வு மூடியிருக்கிறது.

கேஸ்_ஆய்வு (பதில்)

ஈரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எண்ணெயை மட்டும் அப்படியே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமிலத்தன்மை 0.17, ஐ.எஃப்.டி. 21. இந்த வோல்டேஜுக்கு 0.20-ஐத் தாண்டினாலும், ஐ.எஃப்.டி. 20-க்குக் கீழே போனாலும் மோசம் என்று கணக்கு, விளிம்பில் நிற்கிறீர்கள். அடுத்தது ஸ்லட்ஜ். ஸ்லட்ஜ் வைண்டிங் டக்டில் படிந்தால் சூடு வெளியேறாது, அமிலமே காகிதத்தையும் அரிக்கும். நாலு வருஷத்தில் இவ்வளவு ஏறியதற்கு, அப்போது டி.பி.பி.சி. இன்ஹிபிட்டர் (எண்ணெய் ஆக்சிஜனால் கெடுவதைத் தடுக்கும் பொருள்) திரும்பச் சேர்க்காததும், காகிதத்தில் ஊறியிருந்த அமிலம் மறுபடி வெளிவந்ததும் காரணமாக இருக்கலாம். 2021 வேலை ரிப்போர்ட்டில் இன்ஹிபிட்டர் எத்தனை சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆகவே செலக்டர் வேலை முடிந்த பின், அதற்கு முன் அல்ல, ரீகிளமேஷன் (உறிஞ்சும் களிமண் வழியாக எண்ணெயைப் புதுப்பிப்பது) செய்யுங்கள். ஒரு தடவை ஓடவிட்டுப் போகாமல், அமிலத்தன்மை 0.03-க்குக் கீழே வந்து அங்கேயே நிற்கும்வரை பல சுற்று. முடிவில் 0.3% டி.பி.பி.சி. தொடங்குமுன் ஃபர்ஃபுராலும் டி.ஜி.ஏ.-வும் எடுத்துப் பதிவு செய்யுங்கள். முடிந்து ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் எடுப்பதுதான் புதிய தொடக்கப் புள்ளி.

சாம்பிள் எடுப்பதிலும் கவனம். கீழ் வால்வை வெளியே துடைத்து, தேங்கிய எண்ணெய் 2 லிட்டரையாவது வடித்துவிட்டு, 50 மில்லி கண்ணாடி சிரிஞ்சில் மூன்றுவழி ஸ்டாப்காக் வழியாக எடுங்கள். முதல் நிரப்பலைக் கழுவிக் கொட்டுங்கள். குமிழி இருந்தால் ஹைட்ரஜன் அதற்குள் போய்விடும். வெயில் படாமல் சுற்றி அனுப்புங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் டி.ஜி.ஏ. சாம்பிள் அனுப்பவே கூடாது.

சப்ளை கொடுத்த பின் 24 மணி நேரத்தில் ஒன்று, ஒரு வாரத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒன்று. ஆன்லைன் மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் ஹைட்ரஜன் மட்டும் பார்க்கும் மலிவான வகை உங்களுக்கு உதவாது. ஒரு வருஷத்தில் எத்திலீன் 177 ஏறியபோது ஹைட்ரஜன் 27 தான் ஏறியது, அலாரமே அடித்திருக்காது. எத்திலீனைத் தனியாக அளக்கும் பலவாயு மானிட்டர் வேண்டும்.

ரிலே_செட்டிங் (பதில்)

ஒன்று விட்டுப்போயிற்று. டி.பி. 300 காகிதத்தைக் கொல்வது பெரும்பாலும் 11 கே.வி. பக்கத்தில் வரும் ஃபால்ட். புதிய டிரான்ஸ்ஃபார்மர் வரும்வரை அங்கே என்ன செய்யலாம் என்று பாருங்கள். கேபிள் ஃபீடர்களில் ஆட்டோ ரீகுளோஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள், டிரிப் ஆன ஃபீடரை ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று மெக்கர் வைக்காமல் போடவே கூடாது. இன்கமர் ஓவர்கரண்ட் ரிலே கிரேடிங்கைப் பாருங்கள், ஃபீடர் ஃபால்ட் ஒரு வினாடி நின்றால் அத்தனை நேரமும் வைண்டிங் அடி வாங்குகிறது. ஹை-செட் (பெரிய கரண்டுக்கு உடனே டிரிப் செய்யும் அமைப்பு) போட்டால் 100 மில்லி வினாடிக்குள் முடியும். பழைய 11 கே.வி. கேபிள் ஜாயின்ட்டுகளையும் இந்த ஷட்டவுனிலேயே சோதித்துவிடுங்கள்.

எஸ்.எஃப்.ஆர்.ஏ.-வுக்குப் பழைய வளைவு இல்லையென்றால் மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நடு ஃபேஸ் குறைந்த அதிர்வெண்ணில் சற்று வேறுபடுவது இயல்பு, கோரின் அமைப்பு அப்படி. கூடவே ஷார்ட் சர்க்யூட் இம்பீடன்ஸும் எடுத்து நேம்பிளேட்டோடு பாருங்கள், 3%-க்கு மேல் மாறியிருந்தால் வைண்டிங் நகர்ந்திருக்கிறது. அப்படி வந்தால் புஷிங், செலக்டர் செலவு எதையும் செய்யாதீர்கள், முதலில் இங்கே வந்து எண்களைப் போடுங்கள்.

புக்ஹோல்ஸ் ரிலேயின் (டேங்குக்குள் வாயு சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் பாதுகாப்புக் கருவி) அலாரம், டிரிப் இரண்டையும் ரிலேயின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, பேனலில் பிரேக்கர் டிரிப் ஆகும்வரை சோதியுங்கள். ஓ.எல்.டி.சி. ஆயில் சர்ஜ் ரிலேயும் அப்படியே. 1988 வயரிங்கில் மார்ஷலிங் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கி ஃபெரூல் (வயர் எண் வளையம்) அழிந்து, புக்ஹோல்ஸ் வயர் எங்கே போகிறது என்றே தெரியாத நிலை இருக்கும். டெர்மினலைத் திறந்து ஒவ்வொரு வயரையும் தேடி எழுதிவிட்டு மூடியில் புதிய கேஸ்கட் போடுங்கள்.